பஞ்சு வக்கீல் கூண்டேறிய நாள்

நீதிமன்ற வராந்தாக்களில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகப் பலகையில் இருந்தது, அதோடு சரி. காரணம் அவள் குரல். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போதுகூட, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற தோரணையில்தான் பேசுவாள். சாட்சி வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் அடி எங்கே விழுந்தது என்று தெரியும் என்று மற்ற வக்கீல்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் பாதி பொறாமை, மீதி உண்மை.

அவள் நடத்தியதெல்லாம் கம்பெனிக் குற்ற வழக்குகள். இந்த வகைக் குற்றத்தில் கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது, கையெழுத்துதான் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து நிற்பார். தன்னை இங்கே நிற்க வைத்தது ஏதோ ஒரு குமாஸ்தாவின் தவறு, மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அந்த நம்பிக்கைதான் அவர்களைக் கவிழ்த்துவிடும். சாதாரணத் திருடன் பிடிபட்டால் வாயைத் திறக்க மாட்டான். படித்த பெரிய மனிதன் பிடிபட்டால் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

அவள் இந்தத் தொழிலுக்குள் விழுந்ததும் ஒரு விளக்கத்தால்தான். அப்போது அவள் ஒப்பந்தப் பத்திரம் எழுதுகிற ஓர் அலுவலகத்தில் கடைசி நாற்காலி. ஒரு நாள் காலையில், அவர்களுடைய கட்சிக்காரரான பெயிண்ட் தொழிற்சாலை முதலாளியை, கழிவுநீர் விட்ட புகாரில் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அலுவலகத்துப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஸ்டேஷனுக்கெல்லாம் நாம போற வழக்கம் இல்லையே" என்று இழுத்தார்கள். கடைசியில் எல்லார் பார்வையும் கடைசி நாற்காலியில் வந்து நின்றது. அவள் போனாள். அங்கே அந்த மனிதர் இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் காகிதத்தில் படம் வரைந்து, கழிவுநீர் எந்தக் குழாய் வழியாக எங்கே போகிறது என்று விலாவாரியாக விளக்கிக்கொண்டிருந்தார். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

"சார், ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றாள் அவள். "குடிச்சிட்டு, அப்புறம் ஒண்ணுமே சொல்லாதீங்க."

அதுதான் அவள் தொழிலில் செய்த முதல் வாதம். கொலை, கொள்ளை வழக்குகள் நடத்துகிறவர்கள் அவளைத் தங்கள் ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. கம்பெனி வக்கீல்கள் போலீஸ் ஸ்டேஷன் படியை மிதிக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் அவள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச காலத்தில் அந்தச் சந்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. சொந்த அலுவலகம் வந்தது, ஒரு கூட்டாளி வந்தார், கண்ணாடிக் கதவு வந்தது. சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு அவள் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: "கேட்டதுக்கு மட்டும் பதில். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. வாய மூடிட்டு இறங்கி வந்துடணும்." இதைக் கேட்டு நடந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கேட்காதவர்களைப் பார்க்க அவள் சிறைக்குப் போனாள்.

ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நீதிமன்றம் இல்லை. கம்பெனி வழக்கில் பாதி வேலை கம்பெனிக்குள்ளேயே நடக்கும். புகார் கிளம்பியதும், உள்ளே என்னதான் நடந்தது என்று முதலாளிக்கே தெரிந்தாக வேண்டும். வக்கீல் போய் ஊழியர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசுவார். பேச்சைத் தொடங்குமுன் ஒரு விஷயத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்பது முறை. நான் கம்பெனியின் வக்கீல், உங்கள் வக்கீல் இல்லை, நீங்கள் சொல்வதைக் கம்பெனி யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், அந்த ஊழியர் மனம் திறந்து கொட்டியதெல்லாம் அவருடைய ரகசியம் ஆகிவிடும். கம்பெனி அதைத் தொட முடியாது. சொல்லிவிட்டாலோ பிரச்சினை வேறு. கேட்ட மாத்திரத்தில் ஊழியர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார்.

பஞ்சுவிடம் மட்டும் யாரும் பூட்டுப் போட்டுக்கொண்டதில்லை. அவள் முதலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். வீடு பக்கமா தூரமா என்று விசாரிப்பாள். வயதைப் பார்த்து அண்ணே என்பாள், தம்பி என்பாள், சின்னப் பெண்ணாக இருந்தால் கண்ணு என்பாள். இதற்கு நடுவே, மழை வரும்போல இருக்கே என்று சொல்கிற அதே குரலில் அந்த விஷயத்தையும் சொல்லிவிடுவாள். விமானம் கிளம்பும்போது சீட் பெல்ட் பற்றிச் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள்? அப்படித்தான் இதுவும். சொன்னது சொன்னதுதான், ஆனால் கேட்டவருக்கு உறைத்திருக்காது. அப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாம் வரும்.

அவள் கணவர் பல் டாக்டர். "நான் வாயத் திறங்கன்னு கெஞ்சறேன், ஒருத்தனும் திறக்க மாட்டேங்கறான். நீ சும்மா உக்காந்திருக்கே, தொண்டை வரைக்கும் காட்டிட்டுப் போறாங்க" என்று கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். அது கேலிதானா என்று யோசிக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

வால்வு வழக்கு வந்தபோது அவள் தலையில் நரை மறைக்கிற அளவுக்கு மேல் போயிருந்தது. மருத்துவமனைகளில் இருக்கிற ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கு வால்வு செய்கிற தொழிற்சாலை அது. ஒரு வால்வு பிய்த்துக்கொண்டு அடித்ததில், சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போன வார்டு ஊழியர் ஒருவருக்கு ஒரு கண் போய்விட்டது. ஒவ்வொரு வால்வையும் அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பியிருந்தார்கள். சோதித்ததாகச் சான்றிதழும் கூடவே போயிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர் சோதனைக்கூடத்தின் மேற்பார்வையாளர்.

பஞ்சு அவரைச் சந்தித்தது தொழிற்சாலையின் பின்பக்கம் இருந்த ஒரு சின்ன அறையில். வெளியே லாரியில் பெட்டி ஏற்றுகிற சத்தம். நாற்பதைத் தாண்டிய மனிதர். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், எந்த நிமிஷமும் எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல. தண்ணீர் டம்ளரைத் தூக்கினார். குடிக்கிற அவசரத்தில் சட்டையில் சிந்திக்கொண்டார்.

"பரவாயில்ல தம்பி, துடைச்சுக்குங்க" என்று தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். "பயப்படாதீங்க. நான் கம்பெனி வக்கீல்தான், உங்களுக்குன்னு வந்தவ இல்ல, நீங்க சொல்றத கம்பெனி வெளியில குடுத்தாலும் குடுக்கலாம். சரியா? பிள்ளைங்க என்ன படிக்கறாங்க தம்பி?"

"சரிங்க அக்கா" என்றார் அவர். எதற்குச் சரி என்று அவருக்கே தெரியாது. மகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததைச் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அப்புறம் தானாகவே வந்தது.

"மெஷின் ரிப்பேர் அக்கா. ரொம்ப நாளாச்சு. வாய் வலிக்க மேல சொல்லியாச்சு. சரக்கு போயே ஆகணும்னுட்டாங்க. நான் சோதிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

"யாரு போடச் சொன்னது தம்பி?"

அவர் கதவைப் பார்த்தார். "அது எதுக்கு அக்கா? சோறு போட்ட இடம். நானாப் போட்டேன்னே இருக்கட்டும். அதான் நீங்க இருக்கீங்களே, எங்க எதைச் சொல்லணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

நீங்க இருக்கீங்களே. பஞ்சுவின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. பேசி முடித்து எழுந்தவர், கதவருகே போய்த் தயங்கித் திரும்பினார்.

"ஏன்க்கா, நான் வேற வக்கீல் யாரையாவது பாக்கணுமா? இல்ல, நீங்களே போதுமா?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் கேட்க முடியாது. அவர் இவளை யாராக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு அந்த நொடியே வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை, ஆமாம் பாருங்க, என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வக்கீலிடம் போவார், வக்கீல் வந்து இன்று பேசியதெல்லாம் செல்லாது என்பார், முதலாளி இவளை ஏற இறங்கப் பார்ப்பார்.

"இப்போதைக்கு வீட்டுக்குப் போய் நல்லா தூங்குங்க தம்பி" என்றாள் பஞ்சு.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவளுடைய விசிட்டிங் கார்டு ஒன்றையும் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காரில் திரும்பும்போது, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் தொல்லை. பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே உறுத்தியிருக்கும்.

முதலாளி செய்யப் போவது என்ன என்பது சில மாதங்களில் தெரிந்தது. நாங்களே உள்ளே விசாரித்தோம், தவறு செய்தவரைக் கண்டுபிடித்தோம், இதோ அவர் சொன்னது என்று புலனாய்வு அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார். கம்பெனி ஒத்துழைத்தது, எனவே கம்பெனிமேல் வழக்கு இல்லை. கையெழுத்துப் போட்ட ஒருவர்மேல் மட்டும் வழக்கு. எல்லாம் சட்டப்படி. முறைப்படி அவளையும் கலந்துகொண்டுதான் செய்தார்கள். அவளும் தலையாட்டினாள்.

மேற்பார்வையாளரைக் கைது செய்த அன்று காலை, அவள் அலுவலகத்துக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் வந்தது.

"மேடம், உங்க கட்சிக்காரர் ஒருத்தர் இங்க இருக்கார். என் வக்கீல் வராம பேச மாட்டேங்கறார். உங்க கார்டத்தான் காட்டறார்."

பஞ்சு போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவர் என் கட்சிக்காரர் இல்ல" என்றாள்.

போன் மறுமுனையில் அந்த போலீஸ்காரர் யாரிடமோ, "இல்லையாம்ப்பா" என்றது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு குரல், "நல்லாக் கேட்டுப் பாருங்க சார், அக்காதான" என்றது. பிறகு இணைப்பு அறுந்தது.

அந்தக் குரல் அவளைவிட்டுப் போகவில்லை. பல் விளக்கும்போது வந்தது. சிக்னலில் நிற்கும்போது வந்தது. ஒருவரைத் தம்பி என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு, நான் உனக்கு யாரும் இல்லை என்று அதே மூச்சில் சொன்னால் எவன் நம்புவான்? தம்பி என்பதைத்தான் கேட்பான். அவர் கேட்டதும் அதைத்தான்.

வக்கீல் வைக்க வசதி இல்லாத மேற்பார்வையாளருக்கு இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீலை நியமித்தார்கள். அந்த வக்கீல் ஒரு நல்ல காரியம் செய்தார். பஞ்சுவைத் தன் வக்கீல் என்று நம்பித்தான் மேற்பார்வையாளர் பேசினார், அந்தப் பேச்சை வழக்கில் சேர்க்கக் கூடாது என்று மனுப் போட்டார். நீதிபதி அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கி, பஞ்சுவைச் சாட்சியாக வரச் சொன்னார். அந்தப் பேச்சு உள்ளே வந்தால் மேற்பார்வையாளருக்குச் சிறை நிச்சயம். வெளியே நின்றுவிட்டால், மெஷின் ரிப்பேர் என்று யாருக்கெல்லாம் தெரியும், சரக்கை யார் அனுப்பச் சொன்னது என்று படியேறிப் போய்க் கேட்டே ஆக வேண்டும். படியின் உச்சியில் முதலாளி இருந்தார்.

விசாரணைக்கு முந்தின நாள் அவர் அவள் அலுவலகத்துக்கு வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, பயந்தவர். பயந்தவர்கள் செய்கிற காரியங்கள் கெட்டவர்கள் செய்வதைவிடக் குறைவானவையாக இருப்பதில்லை.

"ஒரே ஒரு வார்த்தைதான் மேடம். சொன்னேன்னு சொல்லணும். சொன்னீங்கதான?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன? பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கலையே." அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். "இதுல ஏதாவது முன்னப்பின்ன ஆச்சுன்னா, நாளைக்கு எந்தக் கம்பெனி உங்கள உள்ள விடும்? சொல்லுங்க."

அவர் போனபிறகு கூட்டாளி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு முகம் வெளிறியிருந்தது. "நம்மள நம்பி இங்க எத்தனை பேர் இருக்காங்க, யோசிச்சுக்குங்க" என்றார். "நீங்களே எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறதுதான? கேட்டதுக்கு மட்டும் பதில்."

மத்தியானம் அவள் கணவரின் கிளினிக்குக்குப் போனாள். நோயாளிகள் இல்லாத நேரம். அவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் நோயாளி நாற்காலியில் போய்ச் சாய்ந்தாள்.

"எந்தப் பல்லு?" என்றார்.

"நான் அவர்கிட்ட சொன்னது பொய் இல்ல."

"பொய்யான்னு நான் கேக்கலையே."

"சட்டப்படி சொல்ல வேண்டியத சொன்னேன். வேற யாரா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாங்க."

"சரி."

"என்ன சரி?"

அவர் டப்பாவை மூடினார். கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் இருந்த உருளும் ஸ்டூலில் உட்கார்ந்தார். "வலி இல்லன்னு சொல்றவங்க இந்த நாற்காலிக்கு வர மாட்டாங்க" என்றார்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று சண்டை போட்டாள். அவரும் பதிலுக்கு, உனக்கு ஆறுதல் வேண்டுமா, அனுமதி வேண்டுமா, முதலில் அதைச் சொல்லு என்று குரலை உயர்த்தினார். அடுத்த நோயாளி வந்து வாசலில் நிற்கிற வரைக்கும் சத்தம் ஓயவில்லை.

மறுநாள் அவள் கூண்டேறினாள். எத்தனையோ பேரை அங்கே ஏற்றியவள்தான். அங்கே நின்று பார்த்தால் அறை வேறு மாதிரி இருந்தது. எல்லாரும் தாழ்வாகத் தெரிந்தார்கள், தப்பிக்க வழி ஒன்றும் தெரியவில்லை. பின் வரிசையில் முதலாளி. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளிக் கூட்டாளி. எதிர்ப்பக்கம் மேற்பார்வையாளர், பக்கத்தில் அவர் மனைவி. அவர் அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். காவலர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். பஞ்சு பார்வையை நீதிபதி பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அரசு வக்கீல் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

"நான் உங்க வக்கீல் இல்லன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சரிங்கன்னார்."

"அவ்வளவுதான் ஐயா."

மேற்பார்வையாளரின் வக்கீல் எழுந்தார். ஜலதோஷம் போல, மூக்கை உறிஞ்சிக்கொண்டே காகிதங்களைப் புரட்டினார். பஞ்சு கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவரிடமிருந்து வர வேண்டிய கேள்விகள் அவளுக்கு வரிசையாகத் தெரிந்திருந்தன. அவரை எப்படிக் கூப்பிட்டீர்கள்? எந்தக் குரலில் சொன்னீர்கள்? அடுத்த வார்த்தை என்ன? போகும்போது அவர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா? தானாக இருந்தால் இரண்டே நிமிஷத்தில் இந்தச் சாட்சியைத் தவிடுபொடியாக்கியிருப்பாள்.

"நீங்க... தெளிவாத்தான் சொன்னீங்களா?"

"வார்த்தை தெளிவாத்தான் இருந்துச்சு."

கேளு, என்று அவள் மனசுக்குள் கத்தினாள். வார்த்தைன்னா என்ன அர்த்தம்னு கேளு. தொழில் தெரிந்தவன் யாராக இருந்தாலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பான்.

"அவருக்குப் புரிஞ்சிருக்கும்னு நினைக்கறீங்களா?"

அரசு வக்கீல் எழுந்து, அடுத்தவர் மனசில் இருப்பதைச் சாட்சி எப்படிச் சொல்ல முடியும் என்று ஆட்சேபித்தார். நீதிபதி தலையசைத்தார். ஜலதோஷக்காரர் இன்னும் இரண்டு காகிதம் புரட்டினார். "வேற கேள்வி இல்லைங்க ஐயா" என்று உட்கார்ந்துவிட்டார்.

பின் வரிசையில் முதலாளி மூச்சு விட்டது அவளுக்குக் கேட்ட மாதிரி இருந்தது. கூட்டாளி பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"நீங்க இறங்கலாம்" என்றார் நீதிபதி.

அவள் இறங்கவில்லை. கால் நகராததுதான் காரணம், துணிச்சல் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி யோசித்தாள். இறங்கினால் சாயங்காலம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு தன் அறைக்குப் போகலாம். எல்லாரும் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. இதை வைத்து யாரும் அவளை எதுவும் செய்ய முடியாது. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"அம்மா, இறங்கலாம்னு சொன்னேன்."

"இன்னும் கொஞ்சம் இருக்கு ஐயா."

அரசு வக்கீல் பாதி எழுந்தார். "கேள்வி ஒண்ணும் பாக்கி இல்லையே?"

"இல்லதான். யாரும் கேக்கல" என்றாள் பஞ்சு. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, கரகரவென்று வந்தது. "நான் அவரத் தம்பின்னு கூப்பிட்டேன். வாக்கியத்துக்கு முன்னாடியும் கூப்பிட்டேன், பின்னாடியும் கூப்பிட்டேன். அவர் காதுல விழக் கூடாதுன்னு நடுவுல வெச்சுச் சொன்னேன். அப்படிச் சொல்றதுல எனக்கு நல்ல பழக்கம். பேசி முடிச்சுப் போறப்ப, வேற வக்கீலப் பாக்கணுமா, நீங்களே போதுமான்னு கேட்டார். என்னைத்தான் அவர் வக்கீல்னு நினைச்சுட்டிருக்கார்னு எனக்கு அப்ப நல்லாத் தெரியும். வீட்டுக்குப் போய்த் தூங்குங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

முதலாளி எழுந்து, யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே போனார்.

"இத ஏன் முதல்லயே சொல்லல?" என்றார் நீதிபதி. குரலில் இரக்கம் ஒன்றும் இல்லை.

"சொல்லாம இருக்க முடியுமான்னு பாத்தேன் ஐயா."

நீதிபதி நெடுநேரம் எழுதினார். அன்று மேற்பார்வையாளர் சொன்னது அவருடைய சொந்த ரகசியம், அதில் ஒரு சொல்லைக்கூட அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றார். மற்றவர்களை விசாரிக்காமல் வழக்கு நகராது என்றும் சொன்னார். கடைசியில், சாட்சி சொன்ன வக்கீலின் நடத்தையைப் பற்றி வக்கீல்களைத் தண்டிக்க அதிகாரமுள்ள பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்கச் சொன்னார். பஞ்சு அதைத் தலை குனியாமல் கேட்டுக்கொண்டாள். நியாயம் என்றுதான் அவளுக்குப் பட்டது.

வராந்தாவில் கூட்டாளி அவளைக் கடந்து போனார். நிற்கவில்லை. "உங்க அறைச் சாமான் எதையும் நான் தொட மாட்டேன், நீங்களே வந்து எடுத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு காலம் ஒன்றாகச் சாப்பிட்ட மனிதர்.

அவள் தூணோரம் நின்று பைக்குள் கார் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் வந்தார். ஜாமீனில் இருந்ததால் கையில் விலங்கில்லை. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. மனைவியின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? அக்கா நம்மள விட மாட்டாங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், நீ கேட்டியா?" என்றார் மனைவியிடம். பிறகு இவள் பக்கம் திரும்பி, "என்னமா வாதாடினீங்க அக்கா!" என்றார்.

பஞ்சு சாவியைத் துழாவுவதை விட்டுவிட்டு அவர் மனைவியைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே நடந்தது அவளுக்கு முழுசாகப் புரிந்திருந்தது. பஞ்சுவின் கண்ணையே பார்த்தாள்.

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சேதான் தூங்கச் சொல்லி அனுப்பினீங்களா?"

"ஆமா."

"அவர் வந்து தூங்கினார்" என்றாள் அந்த அம்மாள். "அக்கா பாத்துக்கறேன்னுட்டாங்கன்னு எங்ககிட்ட சொல்லிட்டு, நிம்மதியாத் தூங்கினார்."

மேற்பார்வையாளர் மனைவியைக் கடிந்துகொண்டார். நல்லது செய்தவர்களிடம் இப்படியா பேசுவது என்றார். அவள் அவர் கையைப் பிடித்துப் படிகளை நோக்கி நடத்திக்கொண்டு போனாள். பாதிப் படி இறங்கியவர் அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வாய்தாவுக்கும் நீங்கதான வருவீங்க, அக்கா?"

பஞ்சு படியிறங்கி அவரிடம் போனாள். இந்தத் தடவை தம்பி என்று கூப்பிடவில்லை. தான் அவருடைய வக்கீல் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை என்று அவருக்குப் புரிகிற வரைக்கும் சொன்னாள். புரிந்ததும் அவர் முகம் மாறியதைக் கடைசிவரை நின்று பார்த்தாள்.